காந்தமும் மீகடத்தியும் ஒரே கம்பியில்

மணவாளக்குறிச்சி மணல் ஆலைக்குள் போகும் மணல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் வெளியே வருகிறது. மின்சாரத்தைக் கடத்துகிறாயா? காந்தத்துக்கு இழுபடுகிறாயா? குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே அலை ஒதுக்கும் அந்தக் கறுப்பு மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், சில்லிமனைட், மோனசைட் எல்லாம் கலந்து கிடக்கும். கையால் பொறுக்கிப் பிரிக்கிற காரியம் இல்லை. உயர் மின்னழுத்தம் ஏற்றிய உருளையில் ஓடவிட்டால் இல்மனைட்டும் ரூட்டைலும் ஒரு பக்கம் விழும். மின்சாரம் கடத்தாத மற்றவை இன்னொரு பக்கம் விழும். அடுத்தது காந்தம். இல்மனைட் இழுபடும், ரூட்டைல் இழுபடாது. கடத்தாதவற்றில் கார்னெட்டும் மோனசைட்டும் இழுபடும். சிர்கானும் சில்லிமனைட்டும் தன்பாட்டில் போய்விடும்.

மோனசைட் இழுபடக் காரணம் அதற்குள் இருக்கும் அருமண் தனிமங்கள். சீரியம், நியோடிமியம், சமாரியம் என்று நீளும் அந்த வரிசையில் யூரோப்பியமும் உண்டு, மிகச் சொற்பமாக. அருமண் அணுக்கள் பலவற்றின் உள்ளடுக்கில் ஜோடி சேராத எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. ஜோடி சேராத ஒவ்வொரு எலெக்ட்ரானும் ஒரு சின்னஞ்சிறு காந்தம். 1909-இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இந்த மணலில் மோனசைட்டைக் கண்டுகொண்டபோது உலகம் அதில் தேடியது தோரியத்தை. வாயு விளக்குகளின் மேண்டிலுக்கு அது வேண்டியிருந்தது. 1950-இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தொடங்கியபிறகு அருமண்ணும் கணக்கில் வந்தது. மணல் எடுப்பதால் கடற்கரைக்கும் மீனவர் வாழ்வுக்கும் என்ன கேடு வரும் என்ற கேள்வி இங்கே பல்லாண்டாக இருக்கிறது. கிள்ளியூர் வட்டத்தில் புதிய சுரங்கத் திட்டம் வந்தபோது ஊர்கள் எழுந்து நின்றதும் அண்மையில்தான். அந்தக் கேள்வி முக்கியமானது, தனியே பேசவேண்டியது. இங்கே சொல்லப்போவது அதே அருமண் குடும்பத்தைச் சேர்ந்த யூரோப்பியம் ஆய்வகத்தில் செய்யும் ஒரு விசித்திரமான வேலையைப் பற்றி.

இயற்பியல் படிக்கும் என் மருமகள் ஒரு மாலை கேட்ட கேள்விதான் இதற்குக் காரணம். “மாமா, காந்தத்தக் கிட்டக் கொண்டுபோனா மீகடத்தி கெட்டுப்போவும்னுதான காலேஜில சொல்லித் தந்தாங்க? இப்ப ரெண்டையும் ஒரே கம்பியில சேத்து வச்சிருக்காங்கன்னு போட்டிருக்கே, அது எப்படி?”

“இரு மக்களே, சாயா வரட்டும்” என்றேன். ரசவடையும் வந்தது. ஒரு சாயாவுக்குள் முடியாத விஷயம் அது. அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

முதலில் மீகடத்தி. 1911-இல் ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தைக் குளிரவைத்துக்கொண்டே போனார். 4.2 கெல்வினில், அதாவது சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியசில், அதன் மின்தடை அடியோடு மறைந்தது. ஏன் என்று விளக்க 46 ஆண்டுகள் ஆயின. 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் சொன்ன விளக்கம் இது: அந்தக் குளிரில் எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்கின்றன. ஜோடியில் ஒன்றின் ஸ்பின், அதாவது அந்தச் சின்னஞ்சிறு காந்தத்தின் திசை, மேல்நோக்கி இருந்தால் மற்றதன் ஸ்பின் கீழ்நோக்கி இருக்கும். இந்த ஜோடியைப் பிரிக்க ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் இடைவெளிதான் மீகடத்தியின் பாதுகாப்பு. அதற்குக் குறைவான எந்த இடையூறும் உள்ளே நுழைய முடியாது.

இனிமேல் காந்தம் ஏன் ஆகாது என்பது விளங்கும். காந்தம் எல்லா ஸ்பின்களையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும். ஜோடியோ எதிரெதிர் ஸ்பின்களால் ஆனது. காந்தம் வலுத்தால் ஜோடி பிரியும், மீகடத்தல் போய்விடும். எவ்வளவு வலுத்தால் பிரியும் என்பதற்கு 1962-இல் க்ளாக்ஸ்டனும், பெங்களூரில் பிறந்த பி. எஸ். சந்திரசேகரும் தனித்தனியே ஓர் எல்லை வகுத்தார்கள். (இவர் விண்மீன்களை ஆராய்ந்து நோபல் வாங்கிய சுப்ரமணியன் சந்திரசேகர் அல்ல.) ஆகவே மருமகள் கல்லூரியில் படித்தது சரி. காந்தத்தையும் மீகடத்தியையும் சும்மா பக்கத்தில் வைத்தால் மீகடத்திக்குத்தான் சேதம்.

அப்படியிருந்தும் ஏன் சேர்க்கப் பார்க்கிறார்கள்? சேர்ந்தால் வேறெங்கும் கிடைக்காத ஒன்று கம்பியின் முனைகளில் பிறக்கும் என்று கணக்கு சொல்வதால்.

அந்தக் கணக்கு 2001-இல் அலெக்சி கிட்டாயேவ் எழுதியது. அதற்கும் முன்னோடி உண்டு: 1937-இல் எத்தோரே மயோரானா என்ற இளம் இத்தாலியர், தனக்குத் தானே எதிர்த்துகளாக இருக்கும் ஒரு துகள் சாத்தியம் என்று எழுதினார். மறு ஆண்டே அவர் காணாமல் போனார். என்ன ஆனார் என்பது இன்றும் தெரியாது. கணக்கில் ஒரு சாதாரண எலெக்ட்ரானை இரண்டு மயோரானாப் பாதிகளாகப் பிரித்து எழுதலாம். வழக்கமாக அது காகிதத்தில் செய்யும் வேலை மட்டும்தான்; பாதிகள் தனித்தனியே நடமாடுவதில்லை. கிட்டாயேவ் காட்டியது, ஒரு மீகடத்திக் கம்பியில் அவை நிஜமாகவே பிரிந்து நிற்க முடியும் என்பதை.

பள்ளிப் பிள்ளைகளைக் கடற்கரையில் வரிசையாக நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிள்ளையும் ஓர் எலெக்ட்ரான் இருக்கும் இடம். இரண்டு கைகளும் இரண்டு பாதிகள். எல்லோரும் தத்தம் கைகளைக் கூப்பிக் கும்பிட்டு நின்றால் எந்தக் கையும் சும்மா இல்லை. இது சாதாரண நிலை. இப்போது கும்பிட்ட கையைப் பிரித்து, பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடிக்கச் சொல்லுங்கள். நடுவில் எல்லாக் கைகளும் பிடிபட்டிருக்கும். ஆனால் முதல் பிள்ளையின் இடது கையும் கடைசிப் பிள்ளையின் வலது கையும் பிடிக்க ஆளில்லாமல் நிற்கும். இது டோப்பாலஜி நிலை. வெறுமனே நிற்கும் அந்த இரண்டு கைகளும் சேர்ந்தால்தான் ஓர் எலெக்ட்ரான். ஒரே எலெக்ட்ரான் பாதி இங்கேயும் பாதி அங்கேயுமாக, கம்பி நீளத்துக்கு விலகி இருக்கிறது.

இதே வரிசையில் இன்னும் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடலாம். ஒன்று, கும்பிட்ட நிலையிலிருந்து கைகோத்த நிலைக்குப் போக நடுவில் ஒரு கணம் எல்லோரும் கையை விட்டே ஆகவேண்டும். கம்பியில் இதற்கு நிகரானது, மீகடத்தியின் ஆற்றல் இடைவெளி ஒருமுறை மூடித் திறப்பது. அது மூடாமல் ஒரு நிலை இன்னொன்றாக மாறாது. இரண்டு, நடுவில் ஒரு பிள்ளை கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்தாலும் முனைக் கைகள் மாறுவதில்லை. சின்னக் குறைகள் பாதிக்காத இந்த உறுதிக்குத்தான் டோப்பாலஜி என்ற பெயர். மூன்று, வரிசை நீளமாக இருக்கவேண்டும். இரண்டே பிள்ளைகள் என்றால் முனைக் கைகள் இரண்டும் எட்டிப் பிடித்துக்கொள்ளும்.

குவாண்டம் கணினி செய்ய நினைப்பவர்கள் இதன்மேல் கண் வைத்ததும் இதனால்தான். முனைப் பாதிகள் இரண்டும் சேர்ந்த நிலையில் ஒரு தகவலை எழுதி வைத்தால், ஒரு முனையில் மட்டும் வந்து மோதும் இரைச்சலால் அதைப் படிக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. இன்றைய குவாண்டம் கணினிகளைப் படுத்தும் பெரிய நோயே இந்த இரைச்சல்தான்.

கணக்கு சரி, கம்பி எங்கே? 2010-இல் இரண்டு குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் செய்முறை சொன்னார்கள். லுட்சின், ஜய் தீப் சாவ், சங்கர் தாஸ் சர்மா ஒரு பக்கம். ஓரெக், ரெஃபேல், ஃபான் ஓப்பன் இன்னொரு பக்கம். தேவையானவை நான்கு. மிக மெல்லிய குறைகடத்திக் கம்பி ஒன்று. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கம்பியில் எலெக்ட்ரானின் ஓட்டத்தோடு அதன் ஸ்பின் பிணைந்திருக்கவேண்டும். இண்டியம் ஆர்சனைடு, இண்டியம் ஆன்டிமனைடு போன்றவற்றில் அந்தப் பிணைப்பு உண்டு. மேலே ஒரு மீகடத்திப் பூச்சு, பெரும்பாலும் அலுமினியம். தொட்டுக்கொண்டிருப்பதாலேயே அதன் ஜோடி சேரும் குணம் கம்பிக்குள் இறங்கும். கடைசியாகக் காந்தப்புலம்.

காந்தப்புலம் எதற்கு? கைகோத்த வரிசை அமைய, கம்பியில் ஒரே வகை ஸ்பின் கொண்ட எலெக்ட்ரான்கள் மட்டும் ஓடவேண்டும். இரண்டு வகையும் ஓடினால் முனையில் இரண்டு பாதிகள் கிடைத்து, அவை ஒன்றுசேர்ந்து சாதாரண எலெக்ட்ரான் ஆகிவிடும். காந்தம் ஒரு வகையை மேலே தள்ளி விலக்குகிறது. அப்படியானால் எதிரெதிர் ஸ்பின் இல்லாமல் ஜோடி எப்படிச் சேரும்? இங்கேதான் ஓட்டத்தோடு பிணைந்த ஸ்பின் உதவிக்கு வருகிறது. வலது பக்கம் ஓடும் எலெக்ட்ரானின் ஸ்பின் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், இடது பக்கம் ஓடுவதன் ஸ்பின் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு ஜோடி சேரப் போதும். காந்தம் பிரிக்க நினைப்பதை இந்தச் சாய்வு காப்பாற்றிவிடுகிறது.

2012-இல் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் கௌவென்ஹோவன் குழு இப்படி ஒரு கம்பி செய்து அளந்தது. முனையில் மெல்ல மின்னழுத்தம் கொடுத்து எவ்வளவு மின்னோட்டம் நுழைகிறது என்று பார்ப்பது சோதனை. ஆற்றல் இடைவெளி இருப்பதால் குறைந்த மின்னழுத்தத்தில் ஒன்றும் நுழையக்கூடாது. ஆனால் சுழி மின்னழுத்தத்தில் ஒரு முகடு எழுந்தது. முனையில் சுழி ஆற்றலில் ஏதோ ஒரு நிலை இருக்கிறது என்பதற்கு அது அறிகுறி. உலகமே திரும்பிப் பார்த்தது.

வெளியிலிருந்து காந்தப்புலம் செலுத்துவதில் தொல்லை ஒன்று உண்டு. பெரிய காந்தச் சுருளின் புலம் கம்பியை மட்டும் தொடுவதில்லை, சுற்றியிருக்கும் அலுமினியத்தையும் பலவீனப்படுத்துகிறது. புலம் கம்பியின் நீளவாட்டிலேயே இருக்கவும் வேண்டும். பல கம்பிகளைப் பல கோணத்தில் வைத்து ஒரு கணினி செய்ய அது பெரிய இடைஞ்சல். வெளிக்காந்தம் இல்லாமல், கம்பியிலேயே காந்தத்தைப் பூசிவிட்டால் என்ன? மருமகள் வாசித்த செய்தி இதுதான். யூரோப்பியம் வேலைக்கு வருவதும் இங்கேதான்.

யூரோப்பியமும் கந்தகமும் சேர்ந்த யூரோப்பியம் சல்ஃபைடில் ஒவ்வொரு யூரோப்பியம் அணுவிலும் ஜோடி சேராத எலெக்ட்ரான்கள் ஏழு. ஏழின் ஸ்பின்னும் ஒரே பக்கம் பார்க்கும். சுமார் 16.5 கெல்வினுக்குக் கீழே அக்கம்பக்கத்து அணுக்களும் அதே பக்கம் திரும்பிக்கொண்டு முழுப் பொருளும் காந்தமாகிவிடும். இரும்பும்தான் காந்தம், ஆனால் இரும்பு மின்சாரத்தைக் கடத்தும். மீகடத்தியோடு ஒட்டினால் ஜோடி எலெக்ட்ரான்கள் இரும்புக்குள் கசிந்து பிரிந்துபோகும். யூரோப்பியம் சல்ஃபைடு மின்சாரம் கடத்தாத காந்தம். எலெக்ட்ரானை உள்ளே விடாது. எல்லையில் வந்து தொட்டுப்போகும் எலெக்ட்ரானின் ஸ்பின்னை மட்டும் திருப்பிவிடும். மணவாளக்குறிச்சியில் மணலிடம் கேட்கும் அதே இரண்டு கேள்விகள்தான் இங்கேயும். வேண்டிய பதில், கடத்தக்கூடாது, ஆனால் காந்தமாக இருக்கவேண்டும்.

யூரோப்பியம் சல்ஃபைடையும் அலுமினியத்தையும் ஒட்டிவைத்துப் பழகிய கைகளில் நமக்குப் பக்கமான ஒருவரும் உண்டு. ஜகதீஷ் மூடேரா, ஐஐடி மெட்ராசில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்காவின் எம்ஐடிக்குப் போனவர். 1988-இல் அவரும் உடன் உழைத்தவர்களும் வெளியிட்ட கட்டுரையில், வெளிக்காந்தம் எதுவும் செலுத்தாமலே யூரோப்பியம் சல்ஃபைடு படலம் தன்னைக் கடந்துபோகும் எலெக்ட்ரான்களை ஸ்பின் பார்த்து வடிகட்டுவதைக் காட்டியிருந்தார்கள். டோப்பாலஜிக் கம்பி என்ற பேச்சே அப்போது கிடையாது. முப்பது ஆண்டு கழித்து அந்த அறிவு புதிதாகத் தேவைப்பட்டது.

கோபன்ஹேகனில் சார்ல்ஸ் மார்கஸ் குழுவில் வைடியேகெனாஸ் முதலானோர் செய்ததைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். இண்டியம் ஆர்சனைடுக் கம்பி வளரும்போது அதன் குறுக்குவெட்டு அறுகோணமாக இருக்கும். ஆறு முகங்களில் சிலவற்றில் யூரோப்பியம் சல்ஃபைடு, சிலவற்றில் அலுமினியம் என்று வெற்றிடத்திலேயே பூசினார்கள். ஒரு வகைக் கம்பியில் இரண்டு பூச்சும் ஒரு முகத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தது. இன்னொரு வகையில் இரண்டும் தொட்டுக்கொள்ளவில்லை. முதலில் கம்பியின் நீளவாட்டில் காந்தப்புலம் கொடுத்து யூரோப்பியத்தின் ஸ்பின்களை ஒழுங்குபடுத்திவிட்டு, புலத்தைச் சுழிக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்றன்மேல் ஒன்று படிந்த கம்பியில், வெளிப்புலம் இல்லாதபோதும், ஒரு டெஸ்லாவுக்கு மேற்பட்ட புலத்துக்குச் சமமான விளைவு தெரிந்தது. சுழி மின்னழுத்தத்தில் முகடும் எழுந்தது. தொட்டுக்கொள்ளாத கம்பியில் அந்த முகடு இல்லை. காந்தமும் மீகடத்தியும் நேரே தொட்டுக்கொண்ட இடத்தில்தான் விஷயம் நடக்கிறது என்று இந்த ஒப்பீடு சொல்கிறது. 2021-இல் நேச்சர் ஃபிசிக்ஸ் இதழில் அச்சான வேலை இது. எனக்கு இதில் பிடித்தது முகடு எழுந்தது அல்ல, எழாத கம்பியையும் செய்து அளந்தார்களே, அதுதான்.

மூடேரா குழு வேறு வழியில் போனது. நம் வீட்டுப் பெண்களின் கழுத்தில் கிடக்கும் தங்கம் தானாக மீகடத்தி ஆகாது. ஆனால் அதன் மேற்பரப்பில் ஓடும் எலெக்ட்ரான்களுக்கு ஸ்பின்–ஓட்டப் பிணைப்பு மிக வலுவாக உண்டு. வனேடியம் என்ற மீகடத்தியின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் தங்கக் கம்பி வளர்த்து, அதன்மேல் யூரோப்பியம் சல்ஃபைடை மிகச் சிறு தீவுகளாகப் படியவைத்து, காந்தப்புலம் கொடுத்து, ஊசிமுனை நுண்ணோக்கியால் தடவிப் பார்த்தார்கள். தீவின் எதிரெதிர் ஓரங்களில் ஜோடியாகச் சுழி முகடுகள் தெரிந்தன. 2020-இல் வெளியான அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சுஜித் மன்னா.

காந்த ஒழுங்கு என்றால் எல்லா ஸ்பின்களும் ஒரே திசை பார்த்தால்தான் என்றில்லை. 2014-இல் பிரின்ஸ்டனில் யஸ்தானி குழு ஈயத்தின் மேல் இரும்பு அணுக்களை வரிசையாகப் படியவைத்து, வரிசையின் முனைகளில் சுழி ஆற்றல் நிலைகளைப் பார்த்தது. அங்கே காந்தம் நேர்வரிசை. அணுவுக்கு அணு ஸ்பின் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பித் திருகுபோல் போனாலும் பலன் உண்டு என்கிறது கோட்பாடு. அப்படித் திருகிய ஒழுங்கு காந்தத்தின் வேலையோடு ஸ்பின்–ஓட்டப் பிணைப்பின் வேலையையும் தானே பார்த்துவிடும். தேவையான நான்கில் ஒன்று குறைகிறது.

இந்த இடத்தில் மருமகள் சாயா கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “அப்ப மயோரானாவக் கண்டுபிடிச்சாச்சா, மாமா?”

இல்லை. இதை அழுத்தியே சொல்லவேண்டும்.

கணக்கில் சந்தேகம் கிடையாது. சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன், சப்தர்ஷி மண்டல், ஆர். சங்கர் மூவரும் 2007-இல், கிட்டாயேவ் வகுத்த இன்னொரு மாதிரியில், மீகடத்தியே இல்லாத ஒரு காந்தத்தில், ஸ்பின் எப்படி மயோரானா உள்ளிட்ட பகுதிகளாக உடைகிறது என்று தோராயம் எதுவுமின்றிக் கணக்கிட்டுக் காட்டினார்கள். சந்தேகம் எல்லாம் கம்பியில்தான். சுழி மின்னழுத்தத்தில் முகடு எழ மயோரானா மட்டும்தான் காரணம் என்று சொல்லமுடியாது. இரண்டு பாதிகளும் பிரியாமல் ஒரே முனையில் ஒட்டியிருக்கும் சாதாரண நிலை ஒன்று தற்செயலாகச் சுழி ஆற்றலுக்கு வந்து நின்றாலும் அதே முகடு எழும். கம்பியில் உள்ள அழுக்கும் ஒழுங்கின்மையுமே அப்படி ஒரு நிலையை உண்டாக்கிவிடும். 2010-இல் செய்முறை சொன்னவர்களில் ஒருவரான தாஸ் சர்மாதான், ஹைனிங் பானோடு சேர்ந்து 2020-இல் இதை விரிவாகக் கணக்கிட்டு எச்சரித்தவரும். தான் வளர்த்த துறையையே இப்படிக் கறாராகச் சோதித்தவரை மதிக்கவேண்டும்.

எச்சரிக்கைக்குக் காரணமும் இருந்தது. முகட்டின் உயரம் அடிப்படை மாறிலிகளால் ஆன ஒரே அளவில் நிற்கவேண்டும் என்பது கோட்பாடு. மின்தடையாகச் சொன்னால் சுமார் 12,900 ஓம். அந்த உயரத்தையே பார்த்துவிட்டதாக 2018-இல் டெல்ஃப்ட் குழு நேச்சர் இதழில் எழுதியது. முழு அளவீடுகளையும் மற்றவர்கள் வாங்கிப் பார்த்தபோது அந்த முடிவுக்கு அவை இடம் தரவில்லை. 2021 மார்ச்சில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 2025 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மயோரானா 1 என்ற சில்லை அறிவித்தது. கூடவே நேச்சரில் வந்த கட்டுரையோடு இணைத்து வெளியிட்ட மதிப்பாய்வுக் கோப்பில், அந்த முடிவுகள் மயோரானா நிலை இருப்பதற்கு ஆதாரம் ஆகாது என்று இதழாசிரியர்களே குறிப்பு எழுதியிருந்தார்கள். அறிவிப்பைப் பார்த்தவர்களில் அந்தக் குறிப்பை வாசித்தவர்கள் குறைவு.

இதனால் துறையே வீண் என்று ஆகிவிடாது. காந்தமும் மீகடத்தியும் ஒத்துப்போகும் எல்லையை அணு அணுவாகக் கட்டத் தெரிந்திருக்கிறது. வெளிக்காந்தம் இல்லாமல் கம்பிக்குள் காந்தம் ஏற்றத் தெரிந்திருக்கிறது. இவை இரண்டும் நிலைத்த அறிவு. நிலைபெறாதது, அந்த முனைகளில் நிற்பது மயோரானாதான் என்ற முடிவு மட்டுமே. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதுதான் இந்த விஷயத்தில் நாம் செய்யவேண்டிய முதல் வேலை.

ஆகவே வாசகர்களுக்கு, குறிப்பாக நம் மாவட்டத்துக் கல்லூரிகளில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். மயோரானா கிடைத்துவிட்டது என்று அடுத்த செய்தி வரும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். முகடு கம்பியின் இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் தெரிந்ததா? அதற்கு முன் ஆற்றல் இடைவெளி மூடித் திறந்ததா? முழு அளவீடுகளையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்களா? வேறோர் ஆய்வகம் வேறு கம்பியில் அதைத் திரும்பச் செய்ததா? நான்குக்கும் ஆம் என்று பதில் வந்தபிறகும் கடைசிச் சோதனை ஒன்று பாக்கி இருக்கிறது: பாதிகளை ஒன்றைச் சுற்றி ஒன்றை நகர்த்தி இடம் மாற்றும்போது கணக்கு சொன்னபடியே நிலை மாறவேண்டும். நானோ கம்பியில் அந்தச் சோதனை இன்னும் நிறைவேறவில்லை. அது நிறைவேறும் நாளில் நம்புவோம். அதுவரை எந்த அறிவிப்பையும் இந்தக் கேள்விகளோடு வாசியுங்கள்.